ஒரே ப்ராசஸுக்குள் பல சர்வீஸ்கள்: ஒன்று விழுந்தால் எல்லாமே விழுவது ஏன்?

சனிக்கிழமை ராத்திரி ஏழரை மணி. படத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது நண்பனிடமிருந்து போன். "மச்சி, நான் வரல. நீங்க போங்க. கடைல பில்லே விழ மாட்டேங்குது."

சில்லறை விற்பனை நிறுவனம் ஒன்றின் சாஃப்ட்வேர் டீமில் வேலை பார்க்கிறான். அங்கே சர்வரில் மூன்று சர்வீஸ்கள் ஓடுகின்றன. ஒன்று, கடை கவுண்டர்களிலிருந்து வரும் பில்களைப் பதிவு செய்யும். இன்னொன்று, வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ் அனுப்பும். மூன்றாவது, மேலாளர்களுக்கு விற்பனை ரிப்போர்ட் தயாரித்துத் தரும்.

அன்று சாயங்காலம் மேலாளர் ஒருவர் ஒரு வருஷத்து விற்பனை ரிப்போர்ட்டை ஒரே ஃபைலாகக் கேட்டிருக்கிறார். அதைத் தயாரிக்கும்போது மெமரி தீர்ந்து ரிப்போர்ட் சர்வீஸ் விழுந்துவிட்டது. சரி, ரிப்போர்ட் வரவில்லை என்றால் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம். ஆனால், அதோடு சேர்ந்து பில்லிங்கும் நின்றுவிட்டது. சனிக்கிழமை கூட்டம், கவுண்டரில் வரிசை, கையில் சாமானோடு நிற்கும் மக்கள்.

ரிப்போர்ட் விழுந்தால் பில்லிங் ஏன் நிற்க வேண்டும்? காரணம் எளிது. மூன்று சர்வீஸ்களும் ஒரே ப்ராசஸுக்குள் குடியிருந்தன. இது அந்த ஒரு நிறுவனத்தின் கதை மட்டும் இல்லை. உங்கள் லேப்டாப்பில் விண்டோஸ் இருந்தால், இதே ஏற்பாட்டை நீங்களும் வருஷக்கணக்கில் பயன்படுத்தியிருப்பீர்கள்.

ப்ராசஸ், சர்வீஸ்: என்ன வித்தியாசம்?

ஒரு புரோகிராம் ஓடத் தொடங்கும்போது, ஆபரேட்டிங் சிஸ்டம் அதற்கென்று தனி மெமரி இடத்தை ஒதுக்கி, சுற்றிலும் சுவர் எழுப்பிக் கொடுக்கிறது. அதுதான் ப்ராசஸ். ஒரு ப்ராசஸ் இன்னொன்றின் மெமரியில் சும்மா கைவைக்க முடியாது. ஒன்று செத்தாலும் பக்கத்தில் இருப்பது பாட்டுக்கு ஓடும்.

சர்வீஸ் என்பது ஒரு வேலை. திரையில் ஜன்னல் எதுவும் திறக்காமல், யாரும் லாகின் செய்யாவிட்டாலும், பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் வேலை. பிரிண்டருக்கு அனுப்பியதை வரிசையில் வைப்பது ஒரு சர்வீஸ். வைஃபையைத் தேடுவது ஒரு சர்வீஸ். நெட்வொர்க் வழியாக வரும் கோரிக்கைகளுக்குப் பதில் தருவது வெப் சர்வீஸ்.

ஒரு சர்வீஸுக்கு ஒரு ப்ராசஸ் என்று வைக்கலாம். பல சர்வீஸ்களை ஒரே ப்ராசஸுக்குள்ளும் வைக்கலாம். முதலாவது தனிக்குடித்தனம். இரண்டாவது, நம்ம ஊர் ஒண்டுக்குடித்தனம். ஆளுக்கொரு போர்ஷன் இருக்கும். ஆனால் தண்ணீர்க் குழாய் ஒன்று, கரண்ட் மீட்டர் ஒன்று, வாசல் கதவும் ஒன்றுதான். வாடகை குறைவு என்பதுதான் இதில் லாபம். யாரோ ஒருவர் ஹீட்டரைப் போட்டு ஃபியூஸ் போனால், எல்லாப் போர்ஷனும் இருட்டு.

அந்தக் காலத்துக் கணக்கு: 64 எம்பி

இந்த ஏற்பாட்டுக்கு உலகிலேயே அதிகம் பேர் பயன்படுத்திய உதாரணம், விண்டோஸில் இருக்கும் 'எஸ்விசிஹோஸ்ட்' என்ற ஃபைல். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் 'சர்வீஸ் ஹோஸ்ட்' என்று வரிசையாகத் தெரியுமே, அதேதான்.

விண்டோஸின் பல சர்வீஸ்கள் தனியாக ஓடக்கூடிய எக்ஸிகியூட்டபிள் ஃபைல்கள் கிடையாது. அவை டிஎல்எல் ஃபைல்கள். டிஎல்எல் தானாக ஓடாது, அதைத் தூக்கிச் சுமக்க ஒரு ப்ராசஸ் வேண்டும். அந்தச் சுமைதாங்கிதான் எஸ்விசிஹோஸ்ட். எந்தெந்த சர்வீஸ் எந்தக் குழுவில் சேர வேண்டும் என்ற பட்டியல் ரெஜிஸ்ட்ரியில் இருக்கும். ஒரு குழுவுக்கு ஒரு ப்ராசஸ்.

ஏன் இப்படிச் செய்தார்கள்? விண்டோஸ் 2000-க்கு மைக்ரோசாஃப்ட் கேட்ட குறைந்தபட்ச ரேம் வெறும் 64 எம்பி. இன்று நீங்கள் ஃபோனில் எடுக்கும் ஒரு சின்ன வீடியோகூட அதைவிடப் பெரிதாக இருக்கும். ஒவ்வொரு ப்ராசஸுக்கும் அதன் கட்டமைப்புக்கென்றே கொஞ்சம் மெமரி போகும். டஜன் கணக்கான சர்வீஸ்களுக்குத் தனித்தனி ப்ராசஸ் கொடுத்தால், நீங்கள் எதையும் திறப்பதற்கு முன்பே ரேம் காலி. எனவே, சேர்த்து வைப்பது அன்று சோம்பேறித்தனம் அல்ல, பிழைக்கும் வழி.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கவில்லை. ஒரு ப்ராசஸுக்குள் இருக்கும் எல்லாமே ஒரே கணக்கின் பெயரில், ஒரே அனுமதிகளோடு ஓடும். அதனால் முழு அதிகாரம் தேவைப்படும் சர்வீஸ்கள் ஒரு குழு, குறைந்த அதிகாரம் போதும் என்பவை இன்னொரு குழு, நெட்வொர்க்கைத் தொட வேண்டியவை வேறு குழு என்று பிரித்தார்கள்.

ஃபியூஸ் போன நாட்கள்

2003 ஆகஸ்ட். பிளாஸ்டர் என்ற வைரஸ் புழு இன்டர்நெட்டில் பரவியது. விண்டோஸின் ஆர்பிசி என்ற சர்வீஸில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே வரும். அந்தத் தாக்குதலில் ஆர்பிசி இருந்த எஸ்விசிஹோஸ்ட் ப்ராசஸ் அடிக்கடி கிராஷ் ஆனது. ஆர்பிசி இல்லாமல் விண்டோஸ் ஓடாது. உடனே திரையில் ஒரு பெட்டி வரும், 60 விநாடியிலிருந்து கவுண்ட்டவுன் ஓடும், கணினி ரீஸ்டார்ட் ஆகும். அந்தக் காலத்தில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்த அண்ணன், அக்காக்களிடம் கேட்டுப் பாருங்கள். ஞாபகம் இருக்கும்.

2013-ன் கடைசி மாதங்களில் இன்னொரு தலைவலி. விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளில் எஸ்விசிஹோஸ்ட் 100 சதவீதம் சிபியுவை எடுத்துக்கொண்டு மணிக்கணக்கில் நகராது. குற்றவாளி, உள்ளே இருந்த விண்டோஸ் அப்டேட் சர்வீஸ். பழைய அப்டேட்டை மாற்றும் புதிய அப்டேட், அதை மாற்றும் இன்னொன்று என நீண்டுபோன சங்கிலியை அது சரிபார்த்துக்கொண்டே இருந்தது. 2014 ஜனவரியில்தான் மைக்ரோசாஃப்ட் அந்தச் சங்கிலியைக் கத்தரித்தது. ஆனால் பயனருக்குத் தெரிந்தது என்ன? 'எஸ்விசிஹோஸ்ட்' என்ற ஒரு பெயர் மட்டும்தான். உள்ளே ஒரு டஜன் பேர் இருக்கும்போது யார் ஹீட்டர் போட்டது என்று வாசலில் நின்று பார்த்தால் தெரியாதே!

இந்த முகமில்லாத் தன்மைக்கு வேறொரு விலையும் உண்டு. வைரஸ் எழுதுபவர்கள் தங்கள் ஃபைலுக்கு இதே பெயரையோ, ஓர் எழுத்து மாற்றியோ வைத்து ஒளிந்துகொண்டார்கள். 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி ஆன்டிவைரஸின் ஓர் அப்டேட், எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3 கணினிகளில் இருந்த உண்மையான எஸ்விசிஹோஸ்ட் ஃபைலையே வைரஸ் என்று நினைத்துப் பிடித்து அடைத்துவிட்டது. கணினிகள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆயின, நெட்வொர்க் போனது. அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் மருத்துவமனைகள் அவசரமில்லாத அறுவை சிகிச்சைகளைத் தள்ளிவைத்ததாகச் செய்திகள் வந்தன. இது ஒரு ப்ராசஸ் விழுந்த கதை இல்லை, ஃபைலே பறிபோன கதை. ஆனாலும் எத்தனை வேலைகள் அந்த ஒரு பெயரில் தொங்கிக்கொண்டிருந்தன என்பதை அன்று எல்லோரும் பார்த்தார்கள்.

2017: தனிக்குடித்தனம் போன சர்வீஸ்கள்

2017-ல் வந்த விண்டோஸ் 10 கிரியேட்டர்ஸ் அப்டேட்டில் மைக்ரோசாஃப்ட் கணக்கை மாற்றியது. கணினியில் 3.5 ஜிபிக்கு மேல் ரேம் இருந்தால், பெரும்பாலான சர்வீஸ்களுக்குத் தனித்தனி ப்ராசஸ். அதற்குக் குறைவாக இருந்தால் பழையபடி சேர்ந்தே இருக்கட்டும். இன்று டாஸ்க் மேனேஜரில் 'சர்வீஸ் ஹோஸ்ட்' ஐம்பது, அறுபது வரிகள் தெரிவதற்கு இதுதான் காரணம். வைரஸ் இல்லை.

மைக்ரோசாஃப்ட் சொன்ன காரணங்கள் நம் கதைக்கு அப்படியே பொருந்துகின்றன. ஒன்று விழுந்தால் மற்றதை இழுக்காது. எது மெமரி தின்கிறது என்று பெயரோடு தெரியும். ஒவ்வொன்றுக்கும் தேவையான அனுமதியை மட்டும் கொடுக்கலாம்.

கவனிக்க வேண்டியது, எல்லாவற்றையும் பிரிக்கவில்லை. ஃபயர்வால் சர்வீஸும், அது நம்பியிருக்கும் பேஸ் ஃபில்டரிங் எஞ்சினும் இன்றும் ஒரே ப்ராசஸில்தான். ஆர்பிசியும், அதன் எண்ட்பாயிண்ட் மேப்பரும் அப்படியே. ஒன்று இல்லாமல் இன்னொன்றால் பிரயோஜனம் இல்லை என்றால், தனி வீடு பார்த்து என்ன ஆகப்போகிறது?

வெப் சர்வீஸ்களில் இது எப்படி நடக்கிறது?

இப்போது நண்பனின் சர்வருக்கு வருவோம். அங்கே ஓடுவது டபிள்யூசிஎஃப், அதாவது விண்டோஸ் கம்யூனிகேஷன் ஃபவுண்டேஷன். 2006-ல் டாட்நெட் ஃபிரேம்வொர்க் 3.0-வோடு வந்தது. இன்றும் பல அலுவலகங்களின் உள்வேலைகள் இதன்மேல்தான் ஓடுகின்றன.

அதில் ஒவ்வொரு வெப் சர்வீஸுக்கும் 'சர்வீஸ் ஹோஸ்ட்' என்ற ஒரு ஆப்ஜெக்ட் உருவாக்க வேண்டும். பெயர் ஒன்றாக இருந்தாலும் டாஸ்க் மேனேஜரில் பார்த்தது வேறு, இது வேறு. ஒரு விண்டோஸ் சர்வீஸ் எழுதி, அது ஸ்டார்ட் ஆகும்போது மூன்று ஆப்ஜெக்ட்களையும் வரிசையாகத் திறந்து, ஸ்டாப் ஆகும்போது மூன்றையும் மூடினால் போதும். ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரே போர்ட்டில்கூட, பாதையை மட்டும் மாற்றி மூன்றையும் வைக்கலாம்.

வேலை சுலபம். ஒரே இன்ஸ்டலேஷன், ஒரே கான்ஃபிக் ஃபைல், ஒரே லாக். சின்ன டீமுக்கு இது பெரிய நிம்மதி. அதனால்தான் பலரும் இப்படி ஆரம்பிக்கிறார்கள்.

சிக்கல்கள் பிறகு ஒவ்வொன்றாக வரும்.

முதலாவது, ஸ்டார்ட் ஆகும் நேரம். ஸ்டார்ட் சொன்னதும் ஒரு சர்வீஸ் வழக்கமாக 30 விநாடிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று விண்டோஸ் எதிர்பார்க்கும். மூன்றும் வரிசையில் டேட்டாபேஸ் இணைப்பைத் திறந்துகொண்டிருந்தால், நேரம் கூடிக்கொண்டே போகும். தாண்டினால் எதுவுமே ஸ்டார்ட் ஆகாமல் போகலாம்.

இரண்டாவது, அப்டேட். எஸ்எம்எஸ் சர்வீஸில் ஒரு வரி மாற்ற வேண்டும் என்றாலும், மொத்த ப்ராசஸையும் நிறுத்தியாக வேண்டும். பில்லிங் காத்திருக்கும்.

மூன்றாவது, பிழை. ஒரு கோரிக்கைக்குப் பதில் தரும்போது வரும் சாதாரணப் பிழையை டபிள்யூசிஎஃப் பிடித்து, கேட்டவருக்கு மட்டும் பிழைச் செய்தியாக அனுப்பிவிடும். ப்ராசஸ் தப்பிக்கும். ஆனால் சர்வீஸ் தானாகத் தொடங்கிய பின்னணி த்ரெட்டில் வரும் பிழையை யாரும் பிடிக்காவிட்டால் கதை வேறு. 2005-ல் வந்த டாட்நெட் 2.0 முதல், அப்படி ஒரு பிழை மொத்த ப்ராசஸையும் மூடிவிடும். நண்பனின் ரிப்போர்ட் ஓடியது அப்படி ஒரு பின்னணி த்ரெட்டில்தான்.

நான்காவது, மெமரி. "மெஷின்ல 16 ஜிபி இருக்கு மச்சி. ஆனா 2 ஜிபிலயே செத்துப்போச்சு" என்றான். பழைய டிரைவர் ஒன்றுக்காக அவர்கள் அதை 32 பிட் ப்ராசஸாகவே வைத்திருந்தார்கள். 32 பிட் விண்டோஸ் ப்ராசஸுக்கு வழக்கமாகக் கிடைக்கும் இடம் 2 ஜிபி மட்டுமே. சர்வரில் எவ்வளவு ரேம் இருந்தாலும், அந்த 2 ஜிபியைத்தான் மூன்று சர்வீஸ்களும் பங்குபோட வேண்டும்.

விண்டோஸ் சும்மா இருக்கவில்லை. விழுந்த சர்வீஸை மறுபடி ஸ்டார்ட் செய்தது. ஸ்டார்ட் ஆனதும், பாதியில் நின்ற ரிப்போர்ட் வேலையை அது திரும்ப எடுத்தது. மறுபடி மெமரி தீர்ந்தது. முதல் தடவை ரீஸ்டார்ட், இரண்டாம் தடவை ரீஸ்டார்ட், அதற்குப் பிறகு ஒன்றும் செய்யாதே என்று செட்டிங்கில் இருந்தது. மூன்றாவது முறை விழுந்ததும் விண்டோஸும் கைவிட்டுவிட்டது.

விழுவதைவிட மோசம்: விழாமல் இருப்பது

சத்தமாக விழுந்ததால் நண்பனுக்குப் போன் வந்தது. இதைவிட ஆபத்தான ஒன்று இருக்கிறது. மூன்றில் ஒன்று மட்டும் உள்ளே செத்துக் கிடக்கும், ப்ராசஸ் உயிரோடு இருக்கும். விண்டோஸ் கண்காணிப்பது ப்ராசஸைத்தான். எனவே 'ரன்னிங்' என்றே காட்டும். எஸ்எம்எஸ் மூன்று நாளாகப் போகவில்லை என்பது வாடிக்கையாளர் புகார் செய்த பிறகுதான் தெரியவரும்.

டாட்நெட்டை உருவாக்குபவர்களுக்கே இதில் தடுமாற்றம் இருந்தது. இன்றைய டாட்நெட்டில் ஒரே ப்ராசஸுக்குள் பல பின்னணி வேலைகளை வைக்க 'பேக்கிரவுண்ட் சர்வீஸ்' என்ற வசதி உண்டு. முன்பு அதில் ஒன்று கையாளப்படாத பிழையில் செத்தால், மற்றவை எதுவும் நடக்காததுபோல ஓடும். 2021 நவம்பரில் வந்த டாட்நெட் 6-ல் இதை மாற்றினார்கள். இப்போது ஒன்று அப்படிச் செத்தால், மொத்த ஹோஸ்ட்டும் நிற்பதுதான் இயல்பான அமைப்பு. வேண்டாம் என்றால் மாற்றிக்கொள்ளலாம்.

பழைய வெர்ஷனிலிருந்து மேம்படுத்திய டீம்கள் இதைக் கவனிக்க வேண்டும். கோடில் ஒரு வரி மாறாவிட்டாலும், விழும் விதம் மாறியிருக்கும்.

அப்போ, எல்லாவற்றையும் பிரித்துவிடலாமா?

அவசரப்படாதீர்கள். தனிக்குடித்தனத்துக்கும் வாடகை உண்டு. ஒரே ப்ராசஸுக்குள் ஒரு சர்வீஸ் இன்னொன்றைக் கூப்பிடுவது, பக்கத்துப் போர்ஷனுக்குக் குரல் கொடுப்பது மாதிரி. பிரித்துவிட்டால் ஒவ்வொரு முறையும் நெட்வொர்க் வழியாகக் கடிதம் போட வேண்டும். நேரமும் ஆகும், கிளவுடில் காசும் ஆகும்.

2023-ல் அமேசான் பிரைம் வீடியோவின் ஒரு டீம் தங்கள் அனுபவத்தை எழுதியது. வீடியோ, ஆடியோ தரத்தைக் கண்காணிக்கும் அமைப்பைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கட்டியிருந்தார்கள். துண்டுகளுக்கு இடையே தகவல் போய் வரும் செலவு கட்டுப்படியாகவில்லை. எல்லாவற்றையும் ஒரே ப்ராசஸுக்குள் கொண்டுவந்தபோது, அந்த அமைப்பின் செலவு 90 சதவீதம் குறைந்தது என்றார்கள். இது மொத்த பிரைம் வீடியோவின் கதை அல்ல, அந்த ஒரு கண்காணிப்பு அமைப்பின் கதை. அதன் பகுதிகள் ஒரே வேலையின் அடுத்தடுத்த படிகள் என்பதால் சேர்ப்பது பொருந்தியது.

நடுவழியும் இருக்கிறது. 2003-ல் வந்த ஐஐஎஸ் 6.0 வெப் சர்வர் 'அப்ளிகேஷன் பூல்' என்ற முறையைக் கொண்டுவந்தது. வெளியே முகவரியும் போர்ட்டும் ஒன்றுதான். உள்ளே எதை எதோடு சேர்த்து வைப்பது என்று நீங்கள் முடிவு செய்யலாம். ஒரு பூல் விழுந்தால் அதில் இருப்பவை மட்டும் பாதிக்கப்படும்.

சேர்ப்பதற்கு முன் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

நீங்கள் டெவலப்பராக இருந்தால், அல்லது டெவலப்பர்களை வேலை வாங்குபவராக இருந்தால், இவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

1. இது விழுந்தால் அதுவும் விழலாமா? 'விழலாம், பரவாயில்லை' என்று சொல்ல முடியாத சர்வீஸைத் தனியாக வையுங்கள். பணம் சம்பந்தப்பட்டது என்றால் யோசிக்கவே வேண்டாம்.

2. இரண்டையும் ஒரே நேரத்தில்தான் அப்டேட் செய்வீர்களா? ஒன்று வாரம் ஒரு முறை மாறும், மற்றது வருஷம் ஒரு முறை மாறும் என்றால் சேர்க்காதீர்கள்.

3. இரண்டுக்கும் ஒரே அனுமதி போதுமா? ஒன்றுக்கு டேட்டாபேஸை அழிக்கும் அதிகாரம் தேவை, இன்னொன்று வெளி உலகோடு பேசுகிறது என்றால், ஒரே கணக்கில் ஓடவிடுவது ஆபத்து.

4. ஒவ்வொன்றும் உயிரோடு இருக்கிறதா என்று தனித்தனியாகக் கேட்க வழி இருக்கிறதா? ப்ராசஸ் ஓடுகிறது என்பது பதில் ஆகாது. ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஒரு ஹெல்த் செக் முகவரி வைத்து, நிமிஷத்துக்கு ஒரு முறை தட்டிப் பாருங்கள்.

டெவலப்பர் இல்லையா? உங்களுக்கு இரண்டே விஷயம். 'கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து பேசுகிறோம், டாஸ்க் மேனேஜரில் நிறைய சர்வீஸ் ஹோஸ்ட் தெரிகிறது பாருங்கள், அதெல்லாம் வைரஸ்' என்று யாராவது சொன்னால், போனை வையுங்கள். அது மோசடி. இரண்டாவது, சந்தேகத்தில் அவற்றை 'எண்ட் டாஸ்க்' கொடுத்து மூடாதீர்கள். சத்தம் போகலாம், நெட் போகலாம், கணினியே ரீஸ்டார்ட் ஆகலாம். ரைட் கிளிக் செய்து ஃபைல் இருக்கும் இடத்தைத் திறந்து பாருங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் சிஸ்டம்32-வில் இருந்தால் அது அதன் சரியான இடம். வேறு எங்காவது, டவுன்லோட்ஸ் மாதிரி இடத்தில் இருந்தால் ஆன்டிவைரஸை ஓடவிடுங்கள்.

நண்பன் அன்று ராத்திரி என்ன செய்தான்? வரிசையில் இருந்த அந்த ரிப்போர்ட் வேலையை டேட்டாபேஸிலிருந்து எடுத்துவிட்டு, சர்வீஸைக் கையால் ஸ்டார்ட் செய்தான். முக்கால் மணி நேரம் கழித்து பில் விழ ஆரம்பித்தது. அடுத்த வாரமே பில்லிங்கைத் தனி விண்டோஸ் சர்வீஸாகப் பிரித்துவிட்டார்கள். எஸ்எம்எஸும் ரிப்போர்ட்டும் இன்னும் சேர்ந்தேதான் இருக்கின்றன. "எஸ்எம்எஸ் வரிசைல நிக்கும், கொஞ்சம் லேட்டா போனா யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க" என்கிறான்.

அந்த வருஷத்து ரிப்போர்ட்? இப்போது மாதம் மாதமாகப் பிரித்துத்தான் தருகிறார்கள். படத்தை மட்டும் அவன் இன்னும் பார்க்கவில்லை.